கடலுக்கு முதுகு காட்டி நில்லுங்க

கல்யாணத்துக்கு முன்னால் எடுக்கிற அவுட்டோர் ஷூட் என்றதும் எங்கள் வடசென்னைப் பக்கத்து ஆட்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலைதான். தண்டையார்பேட்டைப் பையனும் திருவொற்றியூர்ப் பெண்ணும் நடுராத்திரிக்கு எழுந்து, மேக்கப் போட்டு, வேன் பிடித்து, ஊரின் வடக்குக் கோடியிலிருந்து கிளம்பி முழு நகரத்தையும் தாண்டி மாமல்லபுரம் போய், கடலைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு சாயங்காலம் வாடி வதங்கித் திரும்புகிறார்கள். அங்கே இருப்பதும் இதே வங்காள விரிகுடாதான். வீட்டிலிருந்து நடந்தே போகலாம். கேட்டால், "நம்ம பக்கம் பீச்சு எங்கணா இருக்கு, வெறும் கல்லுதான" என்பார்கள். கல்லுதான், ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கல்லைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

கல் ஏன் வந்தது என்பது இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் கட்டினார்கள். வருடத்தின் பெரும்பகுதி கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருக்கும் மணல் அந்தச் சுவரில் தடுபட்டு நின்றது. நின்ற மணல் மெரினாவை அகலமாக்கியது. வரவேண்டிய மணல் வராமல் போனதால் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் கடல் கரையைத் தின்றுகொண்டே வந்தது. அப்புறம்தான் கருங்கல்லைக் கொட்டினார்கள், கடலுக்குள் நீளும் கல் தடுப்பான தூண்டில் வளைவு கட்டினார்கள். மெரினாவில் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டு நடக்கிறவர்கள் காலடியில் கொஞ்சம் எங்கள் மணலும் இருக்கிறது, அவ்வளவுதான் சொல்வேன்.

ஆனால் ஆளை நிறுத்திப் படம் எடுப்பவனுக்கு இந்தக் கல் ஒரு வசதி. அகலமான மணலில் நீங்கள் நிற்பதும் படத்தில் வருகிறவர் நிற்பதும் ஒரே மட்டம். கல்கரையில் நீங்கள் மேலே, அவர் கீழே. அல்லது அவர் மேலே, நீங்கள் கீழே. உயரத்தை இஷ்டப்படி மாற்றலாம். தண்ணீரைப் பின்னால் வைத்து ஒருவரைப் படம் எடுக்கும்போது நிஜமாக முடிவு செய்ய வேண்டியவை இரண்டுதான்: எந்தத் திசை, எந்த உயரம். இடம், லென்ஸ், உடை எல்லாம் அதற்கு அப்புறம் வருகிறவை. "எந்த ஸ்பாட்ணா?" என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, "காலையா சாயங்காலமா?" என்றுதான்.

திசையிலிருந்து ஆரம்பிக்கிறேன். நம் கடல் கிழக்கே இருக்கிறது. கடலைப் பின்னால் வைத்தால் படத்தில் இருப்பவர் மேற்கே பார்க்கிறார், கேமரா கிழக்கே பார்க்கிறது. ஆக, காலையில் சூரியன் அவர் முதுகில், சாயங்காலம் முகத்தில். சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரிகிற விஷயம்தான், ஆனால் யூடியூபில் கடற்கரைப் போர்ட்ரெய்ட் என்று தேடிப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் சூரியன் கடலில் மறைகிற ஊர்க்காரர்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு வருகிறார்கள். "சன்செட்ல கடல் பின்னாடி தங்கமா மின்னணும்" என்று கேட்பார்கள். நம் ஊரில் அது சன்ரைஸில்தான் நடக்கும்.

அதனால் தங்கம் வேண்டுமென்றால் காலையில் எழுந்துதான் ஆக வேண்டும். ஜனவரியில் சூரியன் ஆறரை ஒட்டி எழும்பும், ஜூன் தொடக்கத்தில் ஆறு மணிக்கு முன்பே, 5.42 வாக்கில் வந்துவிடும். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கம் இருப்பதால் சூரியன் சாய்வாக மெதுவாக ஏறாது, கிட்டத்தட்ட நேராக மேலே ஏறிவிடும். ஒரு மணி நேரத்தில் 14 டிகிரி. ஐரோப்பாக்காரர்கள் மணிக்கணக்கில் அனுபவிக்கிற அந்த மஞ்சள் வெளிச்சம் நமக்கு அரை மணி நேரம் கிடைத்தால் அதிகம். மாப்பிள்ளையின் அக்கா வீட்டுக்காரர் இன்னும் வரவில்லை என்று காத்திருக்க ஆரம்பித்தால் வெளிச்சம் போய்விடும், அவர் வந்துவிடுவார்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். சூரியன் படத்துக்குள் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பலர் அந்தச் சிவப்புப் பந்தைப் பிடிக்கத்தான் ஓடுகிறார்கள். எனக்குப் பிடித்தது அது மேலே ஏறி படத்தை விட்டு வெளியே போன பிறகு, தண்ணீரில் ஒரு பாதை மாதிரி பளபளக்கிறதே, அந்த நேரம். சூரியன் தாழ்வாக இருக்கும்போது அந்தப் பாதை ஒல்லியாக இருக்கும், ஏற ஏற அகலமாகும், அலை அதிகமானால் இன்னும் விரியும். 85 எம்எம் லென்ஸைப் போட்டு, ஆளை அந்தப் பளபளப்பின் நடுவில் நிறுத்தி, அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் துளையை, எஃப் 1.8 அல்லது 2-க்குத் திறந்தால் (எண் சின்னதானால் துளை பெரிது), ஒவ்வொரு மினுக்கும் ஒரு வட்டமாக உருகிவிடும். கருகருவென்ற தலைமுடியின் ஓரத்தில் ஒரு வெள்ளிக்கோடு ஓடும். இதற்கு மாமல்லபுரமும் வேண்டாம், பாண்டிச்சேரியும் வேண்டாம். திருவொற்றியூரில் கல்லில் இறங்குகிற எந்த இடமும் போதும்.

இதில் சிக்கல் முகம். பின்னால் கண்ணைப் பறிக்கிற வெளிச்சம், முன்னால் நிழல். கேமராவை அதன் இஷ்டத்துக்கு விட்டால் தண்ணீரைப் பார்த்து பயந்துகொண்டு மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். ஒரு புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளக்கிற ஸ்பாட் மீட்டரில் முகத்தை அளந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் எக்ஸ்போஷரை ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு). பின்னால் மினுக்குகள் வெந்து வெள்ளையாகிப் போனால் போகட்டும், அது தண்ணீரின் பளபளப்பு என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியும். நிழல் பக்கத்துக்குக் கொஞ்சம் வெளிச்சம் திருப்ப ரிஃப்ளெக்டர் பிடிக்கலாம். ஆனால் கடல் ஓரத்தில் ரிஃப்ளெக்டர் பட்டமாகிவிடும், தெர்மாகோல் இரண்டாக உடையும். எங்கள் பக்கத்தில் இதற்கு இயற்கையாகவே ஒரு வழி இருக்கிறது. கடலைப் பார்த்த வீடுகள், சுவர்கள் மேல் காலை வெயில் நேராக விழுகிறது. வெள்ளையோ சந்தன நிறமோ அடித்த ஒரு சுவர் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிற மாதிரி இடத்தைத் தேர்ந்தெடுத்தால் அந்தச் சுவரே முகத்துக்கு வெளிச்சம் கொடுக்கும். பச்சைச் சுவர் வேண்டாம், மணமகள் மஞ்சள் காமாலை வந்தவர் போல் தெரிவார். சுவர் இல்லையென்றால் நீங்கள் வந்த வெள்ளை வேனை வெயில் படுகிற மாதிரி திருப்பி நிறுத்துங்கள். டிரைவர் அண்ணன் முறைப்பார். டீ வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடும்.

ஃப்ளாஷ் பற்றிக் கேட்பீர்கள். எனக்கு அந்த வெளிச்சத்தில் ஃப்ளாஷ் போட மனசு வருவதில்லை. போடுவதென்றால் வேகமான ஷட்டரிலும் ஃப்ளாஷ் வேலை செய்ய வைக்கிற ஹை ஸ்பீட் சிங்க் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் பெரும்பாலான கேமராக்கள் ஷட்டரை 1/200 அல்லது 1/250 நொடிக்கு மேலே போக விடாது, அந்த வேகத்தில் அப்பர்ச்சரைத் திறந்தால் எல்லாம் வெளுத்துவிடும்.

சாயங்காலம் முற்றிலும் வேறு கதை. சூரியன் மேற்கே, முகத்துக்கு நேராக. தண்ணீர் முழு நிறத்தோடு தெரியும், கடல் கடலாகவே இருக்கும். ஆனால் ஆள் கண்ணைச் சுருக்குவார். எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் ஒரு பெரியவரை அவருடைய ஃபைபர் படகோடு எடுத்தேன். ஆயுசு முழுக்க வெயிலைப் பார்த்த கண், அவருக்கே கண்ணீர் வந்துவிட்டது. "வெயில நேரா பாக்க வெச்சுட்டு சிரின்னு சொன்னா எப்புட்றா சிரிக்கிறது" என்றார், நியாயம்தானே. முகத்தை வடக்குப் பக்கமோ தெற்குப் பக்கமோ பாதி திருப்பச் சொன்னால் போதும், கன்னத்தில் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் மெல்லிய நிழலுமாக முகத்துக்கு வடிவு வந்துவிடும்.

இன்னொரு நல்ல விஷயம், சூரியன் மறைவதற்கு வெகு முன்பே நம் கரையில் வெயில் போய்விடும். மேற்கே வரிசையாக வீடுகள், அபார்ட்மெண்ட்கள், கம்பெனிகள். அவற்றின் நிழல் முதலில் சாலையில் விழும், அப்புறம் கல்லில் ஏறும், அப்புறம் தண்ணீரில் இறங்கும். கல் நிழலுக்குள் வந்துவிட்டது, தொலைவில் கடல் மட்டும் இன்னும் வெயிலில் இருக்கிறது என்கிற அந்தக் கொஞ்ச நேரம் இருக்கிறதே, அதில் எடுத்த முகங்கள்தான் என்னிடம் இருப்பதிலேயே மென்மையானவை. யாருடைய கண்ணும் சுருங்காது, எண்ணெய் வழிகிற நெற்றி மினுக்காது, பின்னால் நீலம் அப்படியே இருக்கும். வானம் முழுக்க ஒரு பெரிய வெள்ளைத் துணி விரித்த மாதிரி வெளிச்சம்.

சூரியன் மறைந்ததும் எல்லோரும் பையைக் கட்டுகிறார்கள். தயவுசெய்து கட்டாதீர்கள். மேகமில்லாத நாளில், ஜனவரியிலிருந்து மார்ச் வரை இது நன்றாகத் தெரியும், சூரியன் மேற்கே மறைந்த சில நிமிடங்களில் எதிர்த்திசையில், அதாவது கடலுக்கு மேலே, அடிவானத்தை ஒட்டி ஒரு சாம்பல் நீலப் பட்டையும் அதற்கு மேலே ரோஜா நிறப் பட்டையும் எழும்பும். கீழே இருக்கும் நீலம் பூமியின் நிழல், அது வானத்தின் மேல் விழுகிறது. மேலே இருக்கும் ரோஜா நிறம், நமக்கு மறைந்துவிட்ட சூரியனின் சிவந்த வெளிச்சம் உயரத்தில் இருக்கும் காற்றில் பட்டுத் திரும்புவது. மேற்குக் கரைக்காரர்களுக்குக் கடலுக்கு மேலே இது விடியலில்தான் தெரியும். நமக்குச் சாயங்காலம், ஆட்கள் குளித்து உடுத்தி ரெடியாக இருக்கிற நேரத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பத்துப் பதினைந்து நிமிடம் நிற்கும். சென்சாரின் ஒளி உணர்வான ஐஎஸ்ஓ-வை 800, 1600 என்று ஏற்றிக்கொண்டு எடுங்கள்.

நிலாவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பௌர்ணமியன்று நிலா சூரியன் மறையும் நேரத்தை ஒட்டித்தான் கடலிலிருந்து எழும். ஆனால் படத்துக்கு நல்லது பௌர்ணமிக்கு முந்தின நாள். அன்று நிலா ஏறக்குறைய 50 நிமிடம் முன்னதாகவே எழுந்துவிடுவதால், அது கொஞ்சம் மேலே வந்திருக்கும்போது ஆள் முகத்திலும் பகல் வெளிச்சம் மிச்சமிருக்கும், இரண்டும் ஒரே எக்ஸ்போஷரில் அடங்கும். பௌர்ணமியன்றே எடுத்தால் முகம் தெரிகிறபோது நிலா மங்கலாக இருக்கும், நிலா பிரகாசமானால் முகம் இருட்டாகும். நிலா பெரிதாகத் தெரிய டெலி லென்ஸ் வேண்டும், 200 எம்எம் போட்டாலும் சென்சாரில் நிலா 2 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் விழும். ஆளிடமிருந்து நன்றாகத் தள்ளி நின்று எடுக்க வேண்டும். முந்தின நாள் போவதில் இன்னொரு லாபமும் உண்டு. பௌர்ணமியன்று வடிவுடையம்மன் கோயில் கூட்டத்தில் திருவொற்றியூருக்குள் வண்டியை நகர்த்த முடியாது, அது வெள்ளிக்கிழமையாகவும் அமைந்துவிட்டால் மேலூர், திருவொற்றியூர், திருமுல்லைவாயல் என்று மூன்று அம்மனையும் ஒரே நாளில் பார்க்கக் கிளம்புகிறவர்கள் வேறு.

காற்று. இதை யாரும் சொல்வதில்லை. வெயில் காலத்தில் மதியத்துக்கு மேலே கடல்காற்று கரையேறும். கடலுக்கு முதுகு காட்டி நிற்கிற பெண்ணுக்குப் பின்னாலிருந்து வருகிற காற்று அது. முடி முழுக்க முகத்தில் வந்து விழும், முந்தானை கேமராவைப் பார்த்துப் பறக்கும். விடியலில் பெரும்பாலும் தலைகீழ், கரையிலிருந்து கடலுக்குப் போகிற லேசான காற்று முடியை நெற்றியிலிருந்து பின்னால் தள்ளிக் கொடுக்கும். ஹேர்ஸ்டைலுக்கு அத்தனை பணம் கொடுத்தவர்கள் முடியை அவிழ்த்துவிட்டு எடுக்க வேண்டுமென்றால் காலையில் எடுங்கள், சாயங்காலம் என்றால் பின்னலும் பூவும். சேஃப்டி பின் ஒரு டப்பா உங்கள் பையில் இருக்கட்டும், அவர்கள் கொண்டுவர மாட்டார்கள்.

இனி உயரம். எனக்கு இதுதான் பிடித்த பகுதி.

கடலுக்கு முன்னால் ஒருவரை நிறுத்தினால் அடிவானக் கோடு அவர் உடம்பை எங்கேயாவது வெட்டும். கழுத்தில் வெட்டினால் தலை தனியாக ஒரு தட்டில் வைத்த மாதிரி இருக்கும், காதில் வெட்டினால் ஒரு காதிலிருந்து மறு காதுக்குக் கம்பி செருகிய மாதிரி. எங்கே வெட்டுகிறது என்பது எதைப் பொறுத்தது? நீங்களும் அவரும் ஒரே மட்டத்தில் நின்றால், கேமரா எந்த உயரத்தில் இருக்கிறதோ அதே உயரத்தில்தான் அடிவானம் அவரை வெட்டும். அவர் பக்கத்தில் நின்றாலும் தள்ளி நின்றாலும், நீங்கள் கேமராவைச் சாய்த்தாலும் நிமிர்த்தினாலும் இது மாறாது. கேமரா உங்கள் கண் உயரத்தில், அவரும் உங்கள் உயரம் என்றால் கோடு அவர் கண்ணில் போகும். நம்மில் பெரும்பாலோர் நின்றபடியே எடுப்பதால்தான் கடற்கரைப் படங்களில் பாதிப் பேருக்குக் கோடு முகத்திலேயே ஓடுகிறது. முட்டி போட்டு உட்கார்ந்து கேமராவை இடுப்பு உயரத்துக்கு இறக்குங்கள், கோடு இடுப்புக்கு வந்துவிடும், தலையும் தோளும் வானத்தில் சுத்தமாக நிற்கும். அல்லது கல்லின் மேல் ஏறிக்கொண்டு அவரை நாலடி கீழே நிறுத்துங்கள், கோடு தலைக்கு மேலே போய்விடும், சில சமயம் படத்தை விட்டே போய்விடும், அவருக்குப் பின்னால் மேலிருந்து கீழ்வரை தண்ணீர் மட்டுமே இருக்கும். வானமே இல்லாத கடல். வெளுத்துப்போன மார்ச் மாத வானத்தைப் படத்தில் வைக்க விரும்பாதவர்களுக்கு இது ஒரு வரப்பிரசாதம். அகலமான மணல்கரையில் இதற்கு ஏணி தூக்கிக்கொண்டு போக வேண்டும், எங்களுக்கு அரசாங்கமே லாரி லாரியாகக் கொட்டி வைத்திருக்கிறது.

உயரம் மாறினால் தண்ணீரின் நிறமும் மாறும். தாழ்வாக இருந்து பார்க்கிறபோது தண்ணீர் வானத்தைத்தான் திருப்பிக் காட்டும். வானம் வெளுப்பாக இருந்தால் கடலும் வெளுப்பு. மேலேயிருந்து கீழே பார்க்கப் பார்க்க பிரதிபலிப்பு குறைந்து தண்ணீரின் சொந்த நிறம் தெரிய வரும்: பச்சை, சாம்பல், மழைக்காலத்தில் டீ நிறம். பொலரைசர் ஃபில்டர் வாங்கியவர்கள் "ஒண்ணும் மாறலையே" என்பதற்குக் காரணமும் இதுதான். அது தண்ணீர்ப் பளபளப்பை நன்றாக வெட்டுவது, நீங்கள் கிடைமட்டத்திலிருந்து 37 டிகிரி வாக்கில் கீழே நோக்கிப் பார்க்கும்போது. தண்ணீர் மட்டத்துக்கு உட்கார்ந்துகொண்டு தூரத்துக் கடலைப் பார்த்து அதைத் திருகினால் பெரிதாக ஒன்றும் நடக்காது, ஒன்றரை இரண்டு ஸ்டாப் வெளிச்சம் போனதுதான் மிச்சம். முகத்தில் இருக்கும் வியர்வை மினுக்கையும் அது குறைக்கும், அது நல்லது. முழுக்கக் குறைத்தால் தோல் மண் பூசியது போல் செத்துவிடும், அதனால் பாதியில் நிறுத்துங்கள்.

தண்ணீரை எவ்வளவு மங்கலாக்குவது என்பதில் எனக்கும் இப்போது வருகிற தம்பிகளுக்கும் ஒத்துப்போவதில்லை. எஃப் 1.4 லென்ஸ் வாங்கிவிட்டால் அதை மூடவே மனசு வராது அவர்களுக்கு. பளபளப்பு இருந்தால் சரி, இல்லாத நேரத்தில் அப்படித் திறந்து எடுத்தால் பின்னால் இருப்பது கடலா, டிஸ்டெம்பர் அடித்த சுவரா என்றே தெரியாது. அதற்கு எதற்கு அவ்வளவு தூரம் வந்தோம்? நான் எஃப் 4, 5.6 என்று மூடுவேன், அலை அலையாகத் தெரிய வேண்டும், ஆனால் முகத்தோடு சண்டை போடக்கூடாது. ஷட்டர் 1/1000-க்குப் போனால் கல்லில் அடித்துச் சிதறுகிற துளி துளியாக நிற்கும். 1/15-க்கு இறங்கினால் பின்வாங்குகிற நுரை கோடு கோடாக இழுபடும், அழகாக இருக்கும், ஆனால் ஆள் சிலையாக நிற்க வேண்டும். குழந்தைகளை வைத்து இதை முயல வேண்டாம்.

சரி, கடல் மட்டும்தானா என்றால் இல்லை. திசையை மாற்ற வேண்டுமென்றால் இடத்தை மாற்றுங்கள். எண்ணூர் முகத்துவாரத்தில் கொசஸ்தலை ஆறு கடலில் சேர்கிற இடத்தை ஒட்டி, தண்ணீர் உங்களுக்கு மேற்கே இருக்கிற மாதிரி நிற்க இடமுண்டு. அங்கே சாயங்காலச் சூரியன் தண்ணீருக்கு மேலேயே இறங்கும். அலை இல்லாத தண்ணீர், அதனால் பிரதிபலிப்பு முழுதாகக் கிடைக்கும். கடல் ஏறும் இறங்கும் நேரம் பார்த்துப் போங்கள், வற்றிய நேரத்தில் போனால் பாதி சேறுதான். வடகிழக்குப் பருவமழையில் பூண்டி ஏரியில் தண்ணீர் திறந்துவிட்டால் ஆறு கலங்கிச் செம்பழுப்பாக வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து அலையாத்தி மரங்களிலும் படகுகளிலும் கறுப்பாக ஒட்டிக்கொண்டதை எல்லோரும் டிவியில் பார்த்தீர்கள். அதற்கப்புறம் எண்ணூர் என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. அங்கே வலை போட்டுப் பிழைக்கிறவர்களுக்கு முகம் சுளித்துவிட்டு வேறு இடம் போகிற வசதி கிடையாது.

அந்த இடத்தில் பின்னணியில் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் வரும். "அத கட் பண்ணிடுங்கணா" என்பார்கள். ஒரு கல்யாணப் பெண் அப்படித்தான் சொன்னாள், கூடவே வந்திருந்த அவள் அப்பா, "ஏம்மா, அதுலதான் நான் வேலை செஞ்சேன், அதுலதான் நீ படிச்ச" என்றார். அவரைத் தனியாக நிறுத்தி, புகைபோக்கி மூன்றும் தண்ணீரில் தலைகீழாகத் தெரிய ஒரு படம் எடுத்தேன். ஆல்பத்தில் பெண்ணுடைய படங்களில் புகைபோக்கி கிடையாது. என்னைக் கேட்டால் இருந்திருக்கலாம், ஆனால் பணம் கொடுக்கிறவர்கள் நானில்லை. ஒரு எச்சரிக்கை: துறைமுகம், மின் நிலையம் பக்கமெல்லாம் படமெடுக்கத் தடை இருக்கிற பகுதிகள் உண்டு, காவலுக்கு இருப்பவர்கள் வேண்டாமென்றால் வேண்டாம்தான். ட்ரோனை வீட்டிலேயே வையுங்கள்.

இன்னும் வடக்கே போனால் பழவேற்காடு. பாலத்தைத் தாண்டி லைட்ஹவுஸ் குப்பம் பக்கம் போய்விட்டால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏரி. காலையில் இந்தப் பக்கம், சாயங்காலம் அந்தப் பக்கம், ஒரே நாளில் இரண்டு வேளையும் தண்ணீருக்குப் பின்னால் சூரியன். ஆழமில்லாத ஏரி, நிறைய இடங்களில் இடுப்பளவு கூட இருக்காது. குளிர்காலத்தில் பூநாரைகள் இருக்கும், அவற்றைப் பறக்கவிட்டுப் படமெடுக்க ஆளை ஓடவிடுகிற வேலை மட்டும் செய்யாதீர்கள், அது சரணாலயம்.

புழல் ஏரியில் கரை கிழக்குப் பக்கம், தண்ணீர் மேற்கே. ஆகக் கடலுக்கு நேர்மாறு: காலையில் முகத்தில் வெயில், சாயங்காலம் பின்னால். 1876-இல் கட்டிய ஏரி, முழுக் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. சென்னைக்குக் குடிதண்ணீர் கொடுப்பதால் எல்லா இடத்திலும் இறங்கவோ ஏறவோ விட மாட்டார்கள், விடாத இடத்தில் கெஞ்சிக்கொண்டு நிற்காதீர்கள். செய்தித்தாளில் வருகிற ஏரி நிலவரத்தைப் பார்த்துவிட்டுப் போனால் தண்ணீர் கரையில் நிற்கிறதா, வெடித்த மண் நிற்கிறதா என்று முன்பே தெரியும். அங்கே பச்சைச் சேலை வேண்டாம், கரையோரச் செடிகளோடு கலந்துவிடும். கடலுக்கு நீலம் வேண்டாம். அரக்கு, மாம்பழ மஞ்சள், ராணி பிங்க் எல்லாம் இரண்டு இடத்திலும் நிற்கும். பட்டுச் சேலையை உப்புத்தண்ணீரில் நனைக்கச் சொல்கிற போட்டோகிராபரிடம் சேலைக்கு யார் பணம் கொடுப்பது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பற்றி ஒரு வரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே போய் மணமக்களை நிறுத்தி வழியை அடைக்காதீர்கள், அது வேலை நடக்கிற இடம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடக்கும், அப்போது கேட்டால் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை. குப்பங்களில் எங்கே எடுத்தாலும் கேட்டுவிட்டு எடுங்கள். யாரையாவது எடுத்தால் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள், வாட்ஸ்அப் போதாது. அடுத்த முறை கல்லில் இறங்கும்போது அந்த அக்காதான், "தம்பி, அந்தக் கல்லு மேல நிக்காத, பாசி, வழுக்கி வுட்டுரும்" என்று சொல்லப்போகிறார்.

அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தலைப்பில் முதுகு காட்டி நில்லுங்க என்று எழுதியிருக்கிறேன், ஆனால் முதுகு காட்டி நிற்கிறவருக்கு வருகிற அலை தெரியாது, வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்திருக்கிற உங்களுக்கும் தெரியாது. கடலை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஆள் வேண்டும், நீச்சல் தெரிந்த உள்ளூர் ஆளாக இருந்தால் நல்லது, அவருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்காதீர்கள். கறுத்து ஈரமாக இருக்கிற கல் வரைக்கும் அலை ஏறுகிறது என்று அர்த்தம், அதற்கு மேலேதான் ஆள் நிற்க வேண்டும். ஹீல்ஸ் செருப்போடு கல்லில் இறங்க விடாதீர்கள். அலைச் சத்தத்தில் நீங்கள் கத்துவது பத்தடி தள்ளி இருப்பவருக்குக் கேட்காது. இறங்குவதற்கு முன்பே கை சைகை பேசி வைத்துக்கொள்ளுங்கள், இடப்பக்கம் திரும்பு, தாடையைத் தூக்கு, மேலே வந்துவிடு. கடைசிச் சைகையைத்தான் முதலில் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

போனில் எடுப்பவர்களுக்கும் இதெல்லாம் பொருந்தும், திசையும் உயரமும் போனுக்கு வேறு இல்லை. அகல லென்ஸை விட்டுவிட்டு 2எக்ஸ், 3எக்ஸ் போட்டுத் தள்ளி நின்று எடுங்கள். முகத்தில் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டுங்கள். போர்ட்ரெய்ட் மோடில் மினுக்குகிற தண்ணீருக்கு முன்னால் பறக்கிற முடியைப் போன் கத்தரித்துவிடும், அந்த நேரத்தில் சாதாரண மோடே மேல். பியூட்டி மோடை அணைத்துவிடுங்கள்.

அணைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பெரும்பாலோர் கறுப்பு, வெயிலிலும் உப்பிலும் ஊறிய நல்ல கறுப்பு. தண்ணீர்ப் பின்னணியில் அந்த நிறம் எப்படி நிற்கும் தெரியுமா? சாயங்கால வெளிச்சம் கன்ன எலும்பில் ஒரு செம்பு நிறத்தைத் தடவிவிட்டுப் போகும், வெள்ளைத் தோலில் இது வரவே வராது. கேமராவும் போனும் கறுப்பைக் கண்டால் வெளுக்கப் பார்க்கும், எடிட்டிங் பையன் இன்னும் இரண்டு பாயிண்ட் வெளுப்பான், மாமியார் வீட்டார் இன்னும் கொஞ்சம் என்பார்கள், கடைசியில் பின்னால் கடல் மட்டும் சாயங்காலத்தில் இருக்கும், முன்னால் மணமகள் ட்யூப்லைட் வெளிச்சத்தில் இருப்பாள். நான் கேமரா தன் இஷ்டத்துக்கு மாற்றாத ரா ஃபைலில் எடுத்து முகத்தின் நிறத்தை முதலில் அந்த ஆளுக்குச் சரியாக வைத்துவிட்டு அப்புறம்தான் தண்ணீருக்கு வருவேன். தண்ணீரையும் மயில் நீலமாக்குவதில்லை. எண்ணூர் தண்ணீர் சாம்பல் பச்சை, அதை மாலத்தீவாக்கினால் அந்த ஊர்க்காரர்களே சிரிப்பார்கள்.

பிரிண்ட் போடும்போது லேபில் ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம் என்று எழுதியே கொடுத்துவிடுங்கள். வாயால் சொன்னால் சரி சரி என்பார்கள், மெஷின் அதன் பாட்டுக்கு முகத்தை வெளுத்து ரோஜா நிறப் பட்டையைத் துடைத்துவிடும். கடல் பெரிதாக வருகிற படங்களுக்குப் பளபளப்புப் பேப்பரை விட மேட் நன்றாக இருக்கிறது, கூடத்தில் ஜன்னலுக்கு எதிரே மாட்டினாலும் கண்ணாடி மாதிரி அடிக்காது. முதலில் சின்ன சைஸில் ஒன்று போட்டு வாங்கி, வீட்டு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு அப்புறம் பெரியதுக்குச் சொல்லுங்கள்.